ஸ்டாண்டில் நின்ற சைக்கிள்

தமிழ்நாட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓடத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. வீட்டில் சைக்கிள் இருந்தும் அதை எடுக்காமல் போவதற்கான காரணங்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். விலை, சாதி, விளக்கு, பஞ்சர், எதிர்காற்று, கௌரவம், நெரிசல் என்று அவை தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்தன. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று முளைத்தது.

இன்றைய சைக்கிளின் வடிவம் 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டியிலிருந்து வந்தது. மூன்றாண்டு கழித்து, 1888இல், ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று வண்டிகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. முதலில் வாங்கியவர்கள் அதிகாரிகள், வக்கீல்கள், வசதியுள்ள நிலக்காரர்கள். ‘சீமைச் சைக்கிள்’ வைத்திருந்த வீட்டில் அது வாகனம் என்பதைவிடச் சொத்து. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, துணி போர்த்தி, திண்ணையோரம் நிறுத்தியிருப்பார்கள். தேய்ந்துவிடும் என்ற பயத்தில் விசேஷ நாட்களில் மட்டுமே வெளியே எடுத்தவர்கள் உண்டு.

1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் தயாராயின. வடக்கே சோனிபத்தில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ ஆகியவையும் 1950களில் எழுந்தன. சைக்கிள் மெல்ல மெல்ல வாத்தியார், தபால்காரர், பால்காரர், மில் தொழிலாளி கைக்கு வந்தது. வாங்க முடியாதவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். கடைக்காரர் நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். முகம் தெரியாதவருக்கு வண்டி கிடைக்காது. பையன்கள் பெரிய வண்டியின் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தே ஓட்டப் பழகினார்கள்.

கையில் வண்டி இருந்தும் ஏறி மிதிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். பல கிராமங்களில் தலித்துகள் ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் சைக்கிளில் போகக் கூடாது. தெரு முனையில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, மறுமுனையில்தான் ஏற வேண்டும். சட்டத்தில் எழுதப்படாத இந்தத் தடை, தீண்டாமைக் கொடுமைகளின் பட்டியலில் இரட்டைக் குவளையோடு சேர்த்துப் பேசப்பட்டது. சுற்று வழியில் போவதோ வண்டியை வீட்டிலேயே விட்டுப் போவதோ பலருக்கு மானத்தைக் காக்கும் வழியாக இருந்தது.

அடுத்த தடை அரசாங்கத்திடமிருந்து வந்தது. உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வசூலித்தன. கட்டியவருக்கு ஒரு தகர வில்லை கிடைக்கும். அதை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். வில்லை இல்லாமல் பிடிபட்டால் அபராதம். ஆகவே சோதனை நடக்கும் நாளில் சிலர் வண்டியைத் தொடமாட்டார்கள். பொழுது சாய்ந்தால் விளக்குப் பிரச்சினை. விளக்கில்லாமல் போனாலும், கேரியரில் ஆளை ஏற்றி ‘டபுள்ஸ்’ போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். காற்றைப் பிடுங்கிவிடுவது அந்த இடத்திலேயே முடிந்துவிடும் தண்டனை. மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துபோகும். பிறகு வந்த டைனமோவுக்கு எண்ணெய் தேவையில்லை, ஆனால் அதன் தலை டயரில் உரசிச் சுற்றுவதால் மிதி கனக்கும். வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும், நின்றால் இருட்டு. இரவுப் பயணத்தைத் தவிர்க்க இவ்வளவு போதும்.

எல்லாக் காலத்துக்கும் பொதுவான காரணம் பஞ்சர். நெருஞ்சியும் வேலிக்கருவையும் மண்டிய ஊர்களில் காலையில் வண்டியை எடுக்கப் போனால் டயர் தரையோடு படிந்திருக்கும். பஞ்சர் கடையில் டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே இழுப்பார்கள். காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டித் தட்டுவார்கள். டயருக்குள் விரல் விட்டுத் தடவி, முள் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலையின் முக்கியமான பகுதி. அதை மறந்தால் மறுநாளும் அதே கடைதான். இதற்குள் வேலைக்குப் போகும் நேரம் போய்விடும். கோட்டம் விழுந்த சக்கரம், கழன்றுவிழும் செயின், பிடிக்காத பிரேக் எல்லாம் இதே வகை. சின்னப் பழுதுதான் என்று நிறுத்திய வண்டி மாதக்கணக்கில் நின்றுவிடும்.

வானிலையும் கணக்கில் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் மேல்காற்றில், கோவைப் பக்கம் மேற்கு நோக்கி மிதிப்பவர் மேடேறுவது போலத் திணறுவார். இருபது கிலோ அளவுக்கு எடை, 28 அங்குலச் சக்கரம், கியர் கிடையாது: இப்படிப்பட்ட பழைய வண்டிக்கு எதிர்காற்றும் சித்திரை வெயிலும் பெரும் சோதனை.

பெண்களுக்கு ஊர்ப் பேச்சே தடையாக இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. கேலி பேசியவர்களுக்குப் பழகிப்போனது. விளைபொருளை விற்கவும், தண்ணீர் கொண்டுவரவும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது.

விலை என்ற முதல் காரணத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு நீக்கியது. 2001–02இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டம் வந்தது. பின்னர் அது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

ஆனால் அதற்குள் மோட்டார் வந்துவிட்டது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. பால் கேன், காய்கறி மூட்டை, இளநீர்க் குலை என்று சைக்கிள் சுமந்த பாரம் அதற்கு மாறியது. தவணையில் பைக் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிளின் மதிப்பு சரிந்தது. மாப்பிள்ளைச் சீரில் இருந்த இடமும் போயிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மோட்டார் இருசக்கர வாகனம் உள்ள வீடுகள் 2001இல் 11.7 விழுக்காடு, 2011இல் 21 விழுக்காடு. சைக்கிள் உள்ள வீடுகள் அதே பத்தாண்டில் 43.7இலிருந்து 44.8 விழுக்காடுதான் ஆயின. சைக்கிள் வீட்டில் இருந்தது, ஆனால் ‘வசதியில்லாதவன் வண்டி’ என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. வேலைக்குப் போகும் ஆண் அதில் போக வெட்கப்பட்டான்.

மோட்டார் பெருகியதால் பிறந்த கடைசிக் காரணம் சாலை. அகலமான சாலையில் ஓரம் என்று ஒன்று இல்லாமல் போனது. இருக்கும் ஓரத்தையும் நிறுத்திய வண்டிகளும் கடைகளும் பிடித்துக்கொண்டன. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் தயங்கி, பள்ளி வேனுக்குப் பணம் கட்டினார்கள். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. அதன் பலன் சைக்கிள் பாதைகளைவிட நடைபாதைகளில்தான் கூடுதலாகத் தெரிந்தது.

முந்தைய காரணங்களில் பெரும்பாலானவை இன்று வலுவிழந்துவிட்டன. வரி வில்லை போயிற்று, எல்.இ.டி. விளக்கு வந்தது, கியர் வண்டி எதிர்காற்றைச் சமாளிக்கிறது. உடல்நலத்துக்காக விலை உயர்ந்த வண்டியில் மிதிப்பவர்களால் பழைய வெட்கமும் குறைந்திருக்கிறது. அவர்களும் விடியுமுன் கிளம்பி, சாலை நிறைவதற்குள் வீடு திரும்பி, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் காரிலோ பைக்கிலோ வேலைக்குப் போகிறார்கள்.