டிஸ்கோ தகர்க்கப்பட்ட கோடையில் வெளிவந்த இசைத்தட்டு

1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள கொமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு இடையே, பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன.

உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் முன்னின்று நடத்திய நிகழ்ச்சி அது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருவோருக்கு நுழைவுக் கட்டணம் வெறும் 98 சென்ட். வெடி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் இறங்கினர். இரண்டாவது ஆட்டம் நடைபெறவில்லை.

அது ஒரு வேடிக்கை மட்டுமே என்று ஏற்பாட்டாளர்கள் பின்னாளில் வாதிட்டனர். ஆனால் டிஸ்கோ, கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஒருபாலுறவாளர்களும் கூடிய நடனக் கூடங்களில் வளர்ந்த இசை. அதன் மீதான வெறுப்பில் இன வெறுப்பும் கலந்திருந்தது என்ற கருத்தை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது.

இச்சம்பவம் நடந்து சுமார் நான்கு வாரங்களில், ஆகஸ்ட் 10ஆம் தேதி, ஃபங்க் மற்றும் டிஸ்கோ இசையை அடித்தளமாகக் கொண்ட ஓர் இசைத்தொகுப்பை எப்பிக் நிறுவனம் வெளியிட்டது. 'ஆஃப் த வோல்' என்பது அதன் பெயர். பாடியவர் மைக்கேல் ஜாக்சன். அவருக்கு 21 வயது நிறைய இன்னும் 19 நாட்கள் இருந்தன.

சகோதரர்களுடன் 'ஜாக்சன் ஃபைவ்' குழுவில் சிறுவனாகப் பாடிப் புகழ்பெற்ற அவர், மோட்டவுன் நிறுவனத்துக்காகத் தனியாகவும் நான்கு இசைத்தொகுப்புகளைப் பாடியிருந்தார். அவற்றில் கடைசியானது 1975இல் வெளிவந்தது. குழந்தை நட்சத்திரங்களுக்குக் குரல் உடைந்த பின்னர் நேரும் கதி அவருக்கும் நேரும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர்.

நிறுவனத்தின் தயக்கம்

1978இல் வெளிவந்த 'த விஸ்' திரைப்படத்தில் ஜாக்சன் சோளக்கொல்லைப் பொம்மையாக நடித்தார். அப்படத்தின் இசைப் பொறுப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ். அங்கேதான் இருவரும் நெருங்கிப் பழகினர். கிரேக்க அறிஞர் சாக்ரடீஸின் பெயரை ஜாக்சன் தவறாக உச்சரிக்க, ஜோன்ஸ் அவரைத் தனியே அழைத்துத் திருத்தினார் என்பது ஜோன்ஸ் பலமுறை சொன்ன கதை.

தனது புதிய தொகுப்பை ஜோன்ஸே தயாரிக்க வேண்டும் என ஜாக்சன் விரும்பினார். எப்பிக் நிறுவன அதிகாரிகளோ தயங்கினர். ஜோன்ஸ் ஜாஸ் இசைக்காரர், இளைஞர்களின் நடன இசை அவருக்கு வராது என்பது அவர்களது எண்ணம். ஜாக்சன் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒலிப்பதிவு 1978 டிசம்பரில் தொடங்கி 1979 ஜூன் வரை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெற்றது. ஜோன்ஸ் திரட்டிய குழுவைப் பார்த்தாலே அவரது திட்டம் விளங்கும். பேஸ் கிட்டாருக்கு லூயிஸ் ஜான்சன், டிரம்ஸுக்கு ஜான் ராபின்சன், விசைப்பலகைக்கு கிரெக் ஃபிலிங்கேன்ஸ், ஊதுகருவிகளுக்கு ஜெர்ரி ஹே, ஒலிப்பதிவுப் பொறியாளராக புரூஸ் ஸ்விடீன். ஸ்டீவி வொண்டரும் பால் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல்களும் தொகுப்பில் இடம்பெற்றன.

எனினும், ராட் டெம்பர்ட்டன் தேர்வானதுதான் முக்கியமானது என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த இந்த ஆங்கிலேயர், 'ஹீட்வேவ்' குழுவில் விசைப்பலகை வாசித்துப் பாடல் எழுதிவந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மூன்று பாடல்களை அவர் கொண்டு வர, ஜோன்ஸ் மூன்றையுமே எடுத்துக்கொண்டார். தலைப்புப் பாடலும் 'ராக் வித் யூ'வும் அவற்றில் அடங்கும். குறுகிய, வெட்டி வெட்டி ஒலிக்கும் சுரங்கள் ஜாக்சனின் குரலுக்குப் பொருந்துவதைக் கவனித்து, அதற்கேற்ப மெட்டமைத்ததாக டெம்பர்ட்டன் கூறியிருக்கிறார்.

முதற்பாடலான 'டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் எனஃப்' ஜாக்சன் தாமே எழுதியது. வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில், தம்பி ராண்டியும் தங்கை ஜேனட்டும் கண்ணாடிப் போத்தல்களைத் தட்டித் தாளமிட, அதன் முதல் வடிவத்தை அவர் பதிவு செய்தார். 2001இல் வெளியான சிறப்புப் பதிப்பில் அதைக் கேட்கலாம்.

பேஸ் கிட்டாரின் மேல் தாழ்ந்த குரலில் சில வார்த்தைகள், பிறகு ஒரு கூவல், உடனே வயலின்களும் ஊதுகருவிகளும் ஒருசேரப் பாய்கின்றன. ஏறக்குறைய இரண்டே சுரக்கூட்டுகளைச் சுற்றி ஆறு நிமிடம் ஓடும் பாடல் அது. அலுக்காததற்குக் காரணம் தாளம். டிஸ்கோவில் டிரம்ஸ் நான்கு அடிகளையும் ஒரே சீராகப் போடும். ஃபங்க் இசையில் பேஸ் கிட்டார் அந்த அடிகளுக்கு இடையில் புகுந்து விளையாடும். இங்கே இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. டிஸ்கோ மங்கிய பிறகும் இத்தொகுப்பு பழையதாகத் தோன்றாததற்கு இதுவே காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஜாக்சன் பாடல் வரிகளை மனனம் செய்துகொண்டு வந்து, தாளைப் பார்க்காமலே பாடினார். 'ஷீ இஸ் அவுட் ஆஃப் மை லைஃப்' என்ற மெல்லிய பாடலின் முடிவில் ஒவ்வொரு தடவையும் அவர் அழுதுவிட்டார். அந்த விம்மலை ஜோன்ஸ் நீக்காமல் விட்டுவிட்டார்.

ஒரே ஒரு விருது

விற்பனையில் நிறுவனத்தின் அச்சம் பொய்த்தது. இரண்டு பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றன. ஒரே தொகுப்பிலிருந்து நான்கு பாடல்களை முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுவந்த முதல் தனிப்பாடகர் ஜாக்சன்தான். உலகெங்கும் சுமார் இரண்டு கோடி பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது.

ஆனால் கறுப்பின இசைக்கான பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்த இந்தத் தொகுப்பு, பொதுப் பட்டியலில் மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை. 1980 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில், ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. கிடைத்தது ஒரே விருது; அதுவும் 'ரிதம் அண்ட் புளூஸ்' பிரிவில். சிறந்த டிஸ்கோ பாடலுக்கெனப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட பிரிவில் 'டோன்ட் ஸ்டாப்' பரிந்துரைக்கப்பட்டது என்றாலும், விருது குளோரியா கேய்னருக்குச் சென்றது. அந்தப் பிரிவே அடுத்த ஆண்டு கைவிடப்பட்டது.

வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் விழாவைப் பார்த்த ஜாக்சன், மிகவும் மனம் வருந்தியதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இசையின் தரம் அல்ல, அது எந்த அறைக்குள் அடைக்கப்பட்டது என்பதே அவரை உறுத்தியது. கறுப்பினத்தவரின் படம் அட்டையில் வந்தால் பத்திரிகை விற்காது என்று தம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாகவும் அவர் அக்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த தொகுப்பை எவராலும் புறக்கணிக்க முடியாதபடி செய்யப்போவதாக அவர் முடிவெடுத்தார். 1982 ஏப்ரலில் ஜோன்ஸ், ஸ்விடீன், டெம்பர்ட்டன் ஆகிய அதே மூவருடன் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். அந்த ஆண்டு நவம்பரில் 'த்ரில்லர்' வெளிவந்தது.