பாதி ஏற்பியின் பயணம்

ஆய்வகத்துக்கு வந்து சேரும் குப்பி, பார்வைக்குக் காலியாகத்தான் இருக்கும். பிடி-1 என்ற மனிதப் புரதம் 100 மைக்ரோகிராம் உள்ளே இருப்பதாக லேபிள் சொல்லும். உறையவைத்து உலர்த்திய புரதம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அடியிலோ பக்கத்திலோ, சமயத்தில் மூடியிலோ ஒட்டியிருக்கும். அதனால்தான் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றி, எல்லாவற்றையும் அடிக்கு இறக்கிக்கொள்கிறார்கள். அவசரக்காரர்கள் மூடியோடு சேர்த்து சரக்கையும் குப்பையில் போட்டுவிட வாய்ப்புண்டு.

பிடி-1 ஓர் ஏற்பி. இதன் பூர்வீகம் நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்களின் மேற்பரப்பு. 1992-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யசுமாசா இஷிதா, தசுகு ஹோஞ்சோ குழுவினர், செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள உதவும் மரபணுவை எலிச் செல்களில் தேடிக்கொண்டிருந்தபோது இது சிக்கியது. இதன் உண்மையான வேலை பிறகுதான் பிடிபட்டது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வயதாக ஆக லூபஸ் போன்ற நோய் வருவதை 1999-இல் அதே குழு வெளியிட்டது. டி செல்கள் சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பிரேக் இதுதான். பல புற்றுநோய்ச் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி இந்த பிரேக்கை அழுத்தித் தப்பிக்கின்றன. அதைத் தடுக்கும் நிவோலுமாப் மருந்துக்கு 2014-இல் ஜப்பான் அனுமதி தந்தது. 2018-இல் ஹோஞ்சோவும் ஜேம்ஸ் ஆலிசனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

குப்பியில் வருவது முழு ஏற்பி அல்ல. 288 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில், செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டுமே. சவ்வில் செருகியிருக்கும் துண்டு தண்ணீரோடு ஒத்துப்போகாது. அதை விட்டுவைத்தால் புரதம் திரண்டுவிடும். செல்லுக்குள் ‘நிறுத்து’ என்று சேதி சொல்லும் வாலையும் அதோடு வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது யாரையும் நிறுத்தத் தெரியாத, பிடிக்க மட்டுமே தெரிந்த பாதி. வாங்குபவருக்கு வேண்டியதும் அந்தப் பிடிதான்.

இந்தப் பாதிக்கான மரபணு வரிசை கணினிக் கோப்பாகப் போய், செயற்கையாகக் கோத்த டிஎன்ஏவாகத் திரும்பி வருகிறது. வால் இருந்த பக்கம் ஆறு ஹிஸ்டிடின்களை ஒட்டி, பிளாஸ்மிடில் ஏற்றி, ஹெக்-293 செல்களுக்குள் அனுப்புகிறார்கள். 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் ஃபிராங்க் கிரஹாம், மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களில் அடினோவைரஸ் டிஎன்ஏவைப் புகுத்தி உருவாக்கிய வம்சம் இது. 293 என்பது அவருடைய சோதனை வரிசை எண். அது யாருடைய கரு என்று உலகுக்குத் தெரியாது. அதன் செல்களோ இன்றும் ஊர் ஊராகக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இதை எண்ணிப் பார்க்காமல் அந்தக் குடுவையைக் கையாள்வது எனக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயம்.

பாக்டீரியாவில் செய்தால் செலவு குறையும். ஆனால் பாக்டீரியா மனிதச் செல்லைப் போல இதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளை ஏற்றாது. பிடி-1-இல் அப்படி நான்கு இடங்கள் உண்டு. காம்ரெலிசுமாப் என்ற மருந்து ஆன்டிபாடி, 58-ஆம் இடத்துச் சர்க்கரையையும் தொட்டுக்கொண்டுதான் ஒட்டுகிறது. சர்க்கரை இல்லாத புரதத்தை வைத்து அதைச் சோதித்தால் முடிவு கோணலாகும். சர்க்கரை ஏறியிருப்பது ஜெல்லில் ஓட்டினால் தெரிந்துவிடும். கணக்குப்படி சுமார் 17 கிலோடால்டனில் நிற்க வேண்டிய புரதம், 30-க்கும் மேலே அகலமாக இழுத்துக்கொண்டு நிற்கும். கலப்படம் என்று புதியவர்கள் பதறுவதுண்டு.

37 டிகிரியில் சில நாள் குலுங்கியபடி, செல்கள் புரதத்தை வளர்ப்பு நீரில் கக்குகின்றன. செல்களைக் களைந்து, அந்த நீரை நீலப்பச்சை நிற நிக்கல் நிரப்பிய குழாயின் வழியே விடும்போது ஹிஸ்டிடின்கள் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். இமிடசோல் ஊற்றினால் விட்டுவிடும். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க, குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த சாறு பல இடங்களில் இன்னும் பயன்படுகிறது. அதன்பின் டிரெஹலோஸ் சேர்த்து உலர்த்தல், குப்பி, கூரியர். கரைத்த புரதத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைப்பார்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் கெட்டுவிடும்.

குப்பிக்குக் கடைசி வேலை எலைசா தட்டில். கிணறுகளின் அடியில் இதைப் படியவிட்டு, புதிய ஆன்டிபாடி எதுவும் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல ஆன்டிபாடி நானோமோலார் அளவிலேயே கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் இயற்கைத் துணையான பிடி-எல்1 மைக்ரோமோலார் வரம்பில், தொட்டுத் தொட்டு விலகும். தட்டைக் கழுவும்போதே போய்விடும். அதனால் அந்த இணையைச் சோதிப்பவர்கள் பலர் ஹிஸ்டிடின் ஒட்டுக்குப் பதிலாக, ஆன்டிபாடியின் எஃப்சி பகுதியோடு இணைத்து இரட்டையாக வரும் குப்பியைக் கேட்டு வாங்குகிறார்கள்.