இஸ்ரோ எல்லாவற்றையும் தனியாகவே செய்கிறதா? கூடுவாஞ்சேரி பக்கத்தில் உருவான குட்டி செயற்கைக்கோள் சொல்லும் பதில்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. காலேஜ் நேரத்தில் அங்கே இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் எஸ்.ஆர்.எம் பல்கலைக்கழக மாணவர்கள். அந்தக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு சின்னப் பெட்டி, 2011 அக்டோபர் 12-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்வெளிக்குப் போனது. எடை 10.9 கிலோ. பெயர் எஸ்.ஆர்.எம்.சாட்.

அதைச் சுமந்து சென்றது பி.எஸ்.எல்.வி சி-18 ராக்கெட். இஸ்ரோ மற்றவர்களோடு கைகோத்துத் தொழில்நுட்பத்தை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு, அந்த ஒரு ராக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். 'எல்லாமே நம்ம சொந்தத் தயாரிப்பு' என்பதும் முழு உண்மை இல்லை. 'எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு' என்பதும் உண்மை இல்லை. வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த வித்தை யார் கையில் தங்குகிறது என்பதுதான் ஒவ்வொரு கூட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே ராக்கெட்டில் எத்தனை கூட்டாளிகள்?

முதலில் எஞ்சின். பி.எஸ்.எல்.வி-யின் இரண்டாம் கட்டத்தை இயக்குவது விகாஸ். இதன் பூர்வீகம் பிரான்ஸ். 1974-ல் பிரான்ஸின் எஸ்.இ.பி நிறுவனத்தோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் போட்டது. அந்த நாட்டின் வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்துக்கு விலையாக இந்தியா பணம் கொடுக்கவில்லை, உழைப்பைக் கொடுத்தது. இஸ்ரோ பொறியாளர்கள் பிரான்ஸிலேயே தங்கி, அவர்களுடைய எஞ்சின் பணியில் வேலை பார்த்தார்கள். கணக்குப்படி 100 மனித ஆண்டு உழைப்பு. அதாவது 100 பேர் ஓராண்டு, அல்லது 50 பேர் இரண்டாண்டு பார்க்கும் வேலை. அந்தக் குழுவை வழிநடத்தியவர் நம்பி நாராயணன். 'ராக்கெட்ரி' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி நினைவிருக்கும்.

இந்த ஒப்பந்தத்தின் சூட்சுமம் எளிமையானது. வரைபடத்தை மட்டும் விலைக்கு வாங்கினால் காகிதம்தான் கிடைக்கும். ஏன் இந்த இடத்தில் இந்த உலோகம், ஏன் இந்த வால்வு இவ்வளவு தாமதமாகத் திறக்கிறது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். திரும்பி வந்தவர்கள் அந்த அறிவோடு வந்தார்கள். அதனால்தான் விகாஸ் எஞ்சினை இந்திய நிறுவனங்களிடம் கொடுத்துத் தயாரிக்கவும், பிறகு அதன் திறனைக் கூட்டவும் முடிந்தது.

அடுத்து, ராக்கெட்டின் முக்கியப் பயணி. சுமார் 1,000 கிலோ எடையுள்ள மேகா-டிராபிக்ஸ். வெப்ப மண்டல மழை, மேகம், ஈரப்பதம் ஆகியவற்றை ஆராய இஸ்ரோவும் பிரான்ஸ் விண்வெளி முகமையான சி.என்.இ.எஸ்-ஸும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைக்கோள். அதிலிருந்த ஒரு கருவிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அப்படி வரும். ஊருக்கும் அதற்கும் வேறு தொடர்பு இல்லை. அதை இரு நாடுகளும் கூட்டாகச் செய்தன. 2013 ஜனவரியில் அதன் சுழலும் பாகத்தில் கோளாறு வந்து கருவி நின்றுபோனது. பிரான்ஸ் கொடுத்த மற்ற கருவிகள் தொடர்ந்து வேலை செய்தன. மூன்றாண்டு ஆயுளுக்குத் திட்டமிட்ட செயற்கைக்கோள் 2021 வரை தகவல் அனுப்பியது.

மூன்றாவது பயணி லக்சம்பர்க் நாட்டின் வெசல்சாட்-1. கடலில் போகும் கப்பல்களைக் கண்காணிப்பது அதன் வேலை. இது கூட்டே இல்லை, காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்த கதை.

நான்காவது வகைதான் மாணவர்கள். எஸ்.ஆர்.எம்.சாட்டோடு, ஐ.ஐ.டி கான்பூர் மாணவர்களின் சுமார் 3 கிலோ எடையுள்ள ஜுக்னுவும் போனது.

இலவசப் பயணத்துக்கு என்ன விலை?

இந்திய மாணவர்களின் செயற்கைக்கோள்களைக் கட்டணம் வாங்காமல் ஏற்றிச் செல்வது இஸ்ரோவின் வழக்கம். உருவாக்கும் செலவு கல்லூரியுடையது. வடிவமைப்பைப் பார்த்துத் திருத்துவதும், அதிர்வு, வெப்பம், வெற்றிடம் எனச் சோதனைகளில் தேறச் செய்வதும் இஸ்ரோ தரப்பின் பங்கு.

ஓசிப் பயணம் என்றால் சீட் கேட்க முடியாது. முக்கியப் பயணி எங்கே இறங்குகிறதோ அங்கேயேதான் எல்லோரும் இறங்க வேண்டும். மேகா-டிராபிக்ஸுக்குத் தேவைப்பட்டது 867 கி.மீ உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி சாய்வான பாதை. அந்தப் பாதையில் போகும் செயற்கைக்கோள் 20 டிகிரி அட்சரேகையைத் தாண்டி வடக்கே போகாது. சென்னை 13 டிகிரியில் இருப்பதால் பொத்தேரி மாணவர்களுக்குப் பிரச்னை இல்லை. கான்பூர் இருப்பது 26 டிகிரிக்கு மேலே. அந்த ஊர் மாணவர்கள் செய்த ஜுக்னு, அந்த ஊருக்கு நேர் மேலே ஒரு தடவைகூட வர வழியில்லை. தெற்கு வானத்தில் சாய்வாகத் தெரியும்போதுதான் அதைப் பிடிக்க வேண்டும்.

எஸ்.ஆர்.எம்.சாட்டின் வேலை, அகச்சிவப்பு ஒளியைப் பிரித்துப் பார்த்துக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, நீராவி ஆகியவற்றைக் கண்காணிப்பது. இதைப் பெரிய செயற்கைக்கோள்கள் இன்னும் துல்லியமாகச் செய்யும். இஸ்ரோவுக்கு இதில் கிடைப்பது அளவீடு அல்ல, ஆட்கள். 20 வயதிலேயே ஒரு செயற்கைக்கோளின் மின்சாரம், கணினி, ஆன்டெனா எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியவர்கள்.

சுவாரசியம் என்னவென்றால், இதற்கு முன்னோடியும் இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ அனுசாட், 2009 ஏப்ரல் 20-ம் தேதி ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் சுமார் ஒன்றரை கிலோ செயற்கைக்கோள் 2016 ஜூனில் போனது.

வித்தை கைக்கு வராத கூட்டுகள்

விகாஸ் கதைக்கு நேர் எதிரான கதை கிரையோஜெனிக் எஞ்சின். மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் இந்த எஞ்சினையும், அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தருவதாக 1991-ல் ரஷ்யத் தரப்பின் கிளாவ்காஸ்மாஸ் ஒப்புக்கொண்டது. இது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டை மீறுவதாகச் சொல்லி, 1992-ல் அமெரிக்கா இரு அமைப்புகள் மீதும் தடை போட்டது. 1993-ல் ஒப்பந்தம் மாறியது. எஞ்சின் வரும், தொழில்நுட்பம் வராது. இந்தியா சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் 2010-ல் முதல் முயற்சியில் தோற்று, 2014 ஜனவரி 5-ம் தேதிதான் வெற்றி பெற்றது. கையில் வரவேண்டிய வித்தை பாதியில் நின்றதற்கு இஸ்ரோ கொடுத்த விலை, ஏறத்தாழ 20 ஆண்டுகள்.

அணுக் கடிகாரம் விஷயத்தில் கூட்டே இல்லை, நேரடியாக வாங்கியது. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் முதல் தலைமுறை செயற்கைக்கோள்களில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய ருபிடியம் கடிகாரங்கள் இருந்தன. வழிகாட்டும் செயற்கைக்கோளுக்குக் கடிகாரம்தான் உயிர். நேரம் துளி பிசகினாலும் தரையில் இடம் தப்பிவிடும். முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று கடிகாரங்களுமே செயலிழந்தன. உள்ளே என்ன நடந்தது என்று திறந்து பார்த்துத் திருத்த, வடிவமைப்பு நம்மிடம் இல்லை. இந்தியாவில் செய்த கடிகாரம் முதல் முறையாக 2023 மே 29-ம் தேதி என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் பறந்தது.

நிசார் வேறு மாதிரி. நாசாவும் இஸ்ரோவும் 2014-ல் கையெழுத்திட்டு, 2025 ஜூலை 30-ம் தேதி ஏவிய ரேடார் செயற்கைக்கோள் இது. எல்-பேண்ட் ரேடார் நாசாவுடையது, எஸ்-பேண்ட் ரேடார் இஸ்ரோவுடையது. 12 மீட்டர் ஆன்டெனா தட்டு அமெரிக்கா கொடுத்தது, ராக்கெட் இந்தியாவுடையது. இங்கே யாரும் யாருக்கும் வித்தை கற்றுத்தரவில்லை. ஆளுக்கொரு பாகம் செய்து ஒட்டினார்கள். கிடைக்கும் தகவல் பொது. புவி அறிவியலுக்கு இது லாபம்தான், ஆனால் 'தொழில்நுட்பம் கிடைத்தது' என்ற கணக்கில் இதை எழுத முடியாது.

உள்நாட்டுக் கூட்டு எப்படி நடக்கிறது?

இதில் கவனிக்க வேண்டியது ஐ.ஐ.டி மெட்ராஸ். அங்கே இஸ்ரோவுக்கான ஆராய்ச்சிப் பிரிவு 1985-லிருந்தே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சிப், இந்த உறவின் நல்ல உதாரணம். விண்கலத்தைக் கட்டுப்படுத்தும் கணினிக்கான சிப் இது. தேவையைச் சொன்னது திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோ மையம். ஐ.ஐ.டி மெட்ராஸின் 'சக்தி' பிராசஸரை அடிப்படையாக வைத்து வடிவமைப்பு நடந்தது. சிப் தயாரானது சண்டிகரில், அதை உறையிட்டது கர்நாடகாவில், மதர்போர்டு செய்தது குஜராத்தில், பாகங்களைப் பொருத்தியது சென்னையில் உள்ள சிர்மா எஸ்.ஜி.எஸ் நிறுவனம். பிராசஸரின் வடிவமைப்பு தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நாளைக்கு வேறு நாடு தடை போட்டாலும் அதை யாரும் பறிக்க முடியாது.

எல்லாக் கூட்டும் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சந்திரயான்-2 தரையிறங்கிச் சோதனைக்கு நிலவின் மண் மாதிரி வேண்டும். அதற்கு ஏற்ற அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இருந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் அடையாளம் காட்டினார்கள், பாறையை உடைத்துப் பொடியாக்கி இஸ்ரோ பயன்படுத்தியது.

2020-க்குப் பிறகு என்ன மாறியது?

முன்பு தனியார் என்றால் இஸ்ரோ கொடுக்கும் வரைபடத்துக்குப் பாகம் செய்து கொடுப்பவர். 2020-ல் தனியாருக்கு அனுமதியும் உதவியும் தர இன்-ஸ்பேஸ் அமைப்பு அறிவிக்கப்பட்டது. 2023-ல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கை, இஸ்ரோ இனி புதிய ஆராய்ச்சியில் கவனம் செலுத்தும், கைகூடிய தொழில்நுட்பங்களைத் தொழில் துறையிடம் கொடுக்கும் என்றது. 2022-ல் 5 பி.எஸ்.எல்.வி ராக்கெட்டுகளை முழுமையாகத் தயாரிக்கும் ஒப்பந்தம் ஹெச்.ஏ.எல் - எல் அண்ட் டி கூட்டணிக்குப் போனது. 2025 ஜூனில் எஸ்.எஸ்.எல்.வி சிறிய ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை 511 கோடி ரூபாய்க்கு ஹெச்.ஏ.எல் ஏலத்தில் எடுத்தது. அதிலும் வெறும் வரைபடம் கைமாறவில்லை. இரண்டாண்டு காலம் இஸ்ரோ பக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1974-ல் பிரான்ஸில் கற்ற பாடம்தான், இந்த முறை வாத்தியார் இடத்தில் இஸ்ரோ.

ஐ.ஐ.டி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் இன்னொரு படி மேலே போனது. எஞ்சினும் அவர்களுடையது, ஏவுதளமும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் அவர்களே அமைத்தது. பல தடவை கடைசி நேரத்தில் நிறுத்தி, 2024 மே 30-ம் தேதி அவர்களின் சோதனை ராக்கெட் பறந்தது. 3டி பிரிண்டிங்கில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சின் அதில் இருந்தது.

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்காரர்களுக்கு ராக்கெட் என்றதும் 2024 ஆகஸ்ட் 24-ம் தேதி இ.சி.ஆர் திருவிடந்தையிலிருந்து போன ரூமி-1 நினைவுக்கு வரலாம். அது தனியார் நிறுவனமான ஸ்பேஸ் ஸோன் இந்தியாவின் ராக்கெட். மேலே போய் இறங்கும் வகை. பூமியைச் சுற்றும் பாதைக்குப் போகும் வகை அல்ல.

தவறு நடந்தால் யார் பொறுப்பு?

கூட்டு என்று வந்தால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. 2022 ஆகஸ்ட் 7-ம் தேதி எஸ்.எஸ்.எல்.வி-யின் முதல் பயணம் தோற்றபோது, நாடு முழுக்க 750 அரசுப் பள்ளி மாணவிகள் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட்டும் போனது. இலவசப் பயணத்துக்கு நஷ்டஈடு கிடையாது. அந்தக் குழு மறுபடியும் ஒன்றைச் செய்து, 2023 பிப்ரவரியில் அதே ரக ராக்கெட்டில் வெற்றிகரமாக அனுப்பியது.

இதைவிடப் பெரிய பொறுப்பு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் பொருளுக்கானது. செயற்கைக்கோளை ஒரு கல்லூரி செய்திருந்தாலும், கம்பெனி செய்திருந்தாலும், அதனால் வேறு நாட்டுக்குச் சேதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியது அதை ஏவிய நாடு. 1972-ன் சர்வதேசப் பொறுப்பு ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. கல்லூரிகளும் ஸ்டார்ட்அப்களும் இன்-ஸ்பேஸ் அனுமதி இல்லாமல் எதையும் அனுப்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மேகா-டிராபிக்ஸ் அந்த 867 கி.மீ உயரத்தில் விட்டால் 100 ஆண்டுகளுக்கு மேல் சுற்றும் என்று இஸ்ரோ கணக்குப் போட்டது. உள்ளே 125 கிலோ எரிபொருள் மீதம் இருந்தது. அதையே பயன்படுத்திக் கீழே இறக்கி, 2023 மார்ச் 7-ம் தேதி பசிபிக் கடலுக்கு மேலே எரித்து முடித்தார்கள். அதே ராக்கெட்டில் போன பொத்தேரி மாணவர்களின் 10.9 கிலோ பெட்டியில் அப்படி இறக்க எஞ்சின் எதுவும் இல்லை. 2030-க்குள் விண்வெளிக் குப்பை சேர்க்காத பயணங்கள் என்ற இலக்கை இந்தியா 2024-ல் அறிவித்திருக்கிறது. இனி செயற்கைக்கோள் செய்ய நினைக்கும் கல்லூரி, அதை மேலே அனுப்பும் திட்டத்தோடு, வேலை முடிந்ததும் அது எப்படிக் கீழே வரும் என்பதையும் சேர்த்தே விண்ணப்பத்தில் காட்ட வேண்டியிருக்கும்.