தட்கல் டிக்கெட்: 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபித்தால் மட்டும் போதாதா?

புனேவை அடுத்த ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர், அவசரமாகச் சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. புனே ஜங்ஷன் சுமார் 50 கி.மீ. தொலைவு. ஆகவே கையில் இருக்கும் போன்தான் அவருக்கு கவுண்டர். காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கிறது. நெளிந்த எழுத்துகளைப் பார்த்து டைப் செய்து முடிப்பதற்குள் 'வெயிட்டிங் லிஸ்ட்'! இது எப்படி?

கேப்ட்சா என்றால் என்ன?

மனிதரையும் தானியங்கி மென்பொருளையும் (பாட்) பிரித்தறியும் சோதனைதான் கேப்ட்சா. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரை வைத்தார்கள். நெளிந்த எழுத்தை மனிதர் படித்துவிடுவார், கணினி திணறும் என்பதே அடிப்படை. 2014-ல் கூகுள் 'நான் ரோபோ இல்லை' கட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் டிக் அடிப்பது பெரிய விஷயமில்லை. நம் பிரவுசரின் விவரங்களையும் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் வைத்தே பின்னணியில் முடிவு எடுக்கப்படுகிறது.

பாட் எப்படித் தப்பிக்கிறது?

இன்று செயற்கை நுண்ணறிவு அந்த எழுத்துகளை எளிதாகப் படித்துவிடுகிறது. அதுவும் முடியாவிட்டால், சொற்பக் கூலிக்கு கேப்ட்சாவைத் தீர்த்துத் தர ஆட்களே இருக்கிறார்கள். பயணியின் பெயர், வயது எல்லாவற்றையும் மென்பொருள் நொடியில் நிரப்பிவிடும். தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் லாகின் முயற்சிகளில் 50% வரை பாட்களுடையது என்று 2025 ஜூனில் ரயில்வே சொன்னது. 2.5 கோடிக்கும் அதிகமான ஐடிகள் முடக்கப்பட்டன.

என்ன மாறியிருக்கிறது?

2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். முதல் 30 நிமிடங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்களுக்கும் அனுமதி இல்லை. அதாவது, 'நீங்கள் மனிதரா?' என்ற கேள்வி, 'நீங்கள் யார்?' என்று மாறிவிட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பெயர் சொல்லாமல் கடந்துபோன இடத்தில் இப்போது அடையாளத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆதாரில் பழைய போன் நம்பர் இருந்தால் ஓடிபி வராது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கோ படத்தில் வரும் கேப்ட்சாவே பெரிய தடை.

நாம் என்ன செய்யலாம்?

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். பயணிகள் விவரத்தை 'மாஸ்டர் லிஸ்ட்'டில் சேமித்து வையுங்கள். 'சாஃப்ட்வேர் வச்சு உடனே எடுத்துத் தர்றேன்' என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அனுமதியின்றி டிக்கெட் வியாபாரம் செய்வோருக்கு ரயில்வே சட்டம் 143-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. நம் டிக்கெட்டைத் தட்டிப் பறிப்பதும் அதே சாஃப்ட்வேர்தான்.