கையொப்பம் யாரிடம்? தேசவழமையும் பிரிந்த தம்பதியரின் ஆதனமும்

பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்துள், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒரு தம்பதியர் பிரிந்தால், எந்தக் காணி யாருடையது என்பதற்குச் சட்டம் ஓரளவு தெளிவான விடை தருகிறது. முதுசம் அது யார் வழி வந்ததோ அவருக்கு, சீதனம் மனைவிக்கு, மணவாழ்வின்போது விலைகொடுத்துச் சேர்த்ததே தேடியதேட்டம். இதனால் யாழ்ப்பாணப் பெண் மணமுறிவில் வெறுங்கையோடு வெளியேறுவதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சீதன உறுதி அவள் பெயரில் இருக்கும். அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் கையொப்பம் வேண்டும். மணமுறிவின்போது பெண்ணை முடக்குவது பங்கீட்டைவிட இந்தக் கையொப்பமே என்பது என் வாதம்.

1706-07இல் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைக்கு 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி சட்டவலு அளித்தது. கையொப்பச் சிக்கலை ஆராய 1911இன் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்துக்கு வரவேண்டும். அதன் 6ஆம் பிரிவின்படி மனைவி தன் அசையும் ஆதனத்தைத் தன் விருப்பப்படி கையாளலாம்; இறுதி விருப்பாவணமும் எழுதலாம். ஆனால் அசையா ஆதனத்தை உயிரோடிருக்கையில் கைமாற்றக் கணவனின் எழுத்திலான சம்மதம் தேவை. கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியிடம் இப்படி எதையும் கேட்கவேண்டியதில்லை. 1923இன் 18ஆம் இலக்கச் சட்டம் மணமான பெண்களுக்குத் தனி ஆதன உரிமை தந்தபோதும் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரை விலக்கியே வைத்தது.

இந்தச் சம்மதம் குடும்பக் காணி அந்நியர் கைக்குப் போகாமல் காக்கிறது என்பார்கள். அந்தக் காவலுக்கு வேறு சட்டம் உண்டு. 1947இன் 59ஆம் இலக்க முற்கொள்வனவுச் சட்டம் பங்காளிகளுக்கும் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை தருகிறது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும் வடமராட்சி உறுதிகளில் அந்த உரிமையின் அருமை தெரியும். அதற்கு மேலும் ஒரு கணவனின் கையொப்பம் எதைக் காக்கிறது?

கணவன் வெளிநாட்டில் இருக்கிறான், பேச்சு முறிந்துவிட்டது, பிள்ளையின் படிப்புக்காக மனைவி தன் சீதன வளவில் இரண்டு பரப்பை விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவன் அற்றோணித் தத்துவம் அனுப்பமாட்டான். சம்மதக் கையொப்பம் இல்லாமல் உறுதி முடிக்க நொத்தாரிசு துணியமாட்டார். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அவளுக்கு மாவட்ட நீதிமன்றத்தின் வாசலைத் திறக்கிறது. கணவன் கைவிட்டுப்போனது, இருவரும் இசைந்து பிரிந்தது, அவன் சிறையில் இருப்பது, சித்தசுவாதீனம் இழந்தது, இருப்பிடம் தெரியாதது, காரணமின்றிச் சம்மதம் மறுப்பது, மனைவி அல்லது பிள்ளைகளின் நலன் வேண்டுவது ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால் நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை தரலாம். தன் சொந்தக் காணியை விற்க அவள் தன் மணவாழ்வின் துயரத்தை மனுவாக எழுதிக் கொடுக்கவேண்டும். இதை நான் சிறுமைப்படுத்தல் என்றே கொள்கிறேன்.

தேடியதேட்டத்தின் சிக்கல் வேறு. அதை இருவருக்கும் சமஉரிமையுள்ள பொதுச்சொத்தாக 1911ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. சீதனப் பணத்தில் வாங்கிய காணியும் அதற்குள் அடங்கும் என்ற பொருளில் 1933இல் அவிச்சிச் செட்டியார் எதிர் இராசம்மா வழக்கு தீர்ந்தது. 1947இன் 58ஆம் இலக்கத் திருத்தம் அதை மாற்றியது. கொடுத்த விலை தனிச் சொத்திலிருந்து வந்ததாயின் வாங்கிய காணியும் தனிச் சொத்தே. இதனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதே வழக்காயிற்று. நகையை விற்ற பணமா, வெளிநாட்டிலிருந்து கணவன் அனுப்பிய பணமா என்று நிரூபிக்கப் பற்றுச்சீட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவு. மனைவியின் வளவில் கணவன் பணத்தில் எழுந்த மாடிவீடு இன்னும் கடினமான கேள்வி. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த ‘டொனேசன்’ பணம் பலவேளை அவனுடைய சகோதரியின் சீதனமாகி மூன்றாம் வீட்டுக்குப் போயிருக்கும். அதற்கு உறுதியும் இராது.

நீதிமன்றத்தின் கைகள் கட்டப்பட்டிருக்கவில்லை. விவாகரத்துத் தீர்ப்போடு ஒரு தரப்பினரின் ஆதனத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கவும், மொத்தத் தொகை செலுத்தவும் பணிக்கும் அதிகாரத்தைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு தருகிறது. ஆனால் வன்மத்துடன் கைவிடல் போன்ற குற்றத்தை நிரூபித்தே விவாகரத்துப் பெறவேண்டிய நாட்டில் அந்தத் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். முதல் தீர்ப்பு வந்தபின்னும் அது முடிவானதாக மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் 6ஆம் பிரிவின் பிடி தளராது.

ஆகவே விவாகரத்து வழக்காளி 8ஆம் பிரிவு மனுவையும் வழக்கின் தொடக்கத்திலேயே தாக்கல் செய்வது நல்லது. சட்டத்தரணிகள் அதை வழமையாக்க வேண்டும். நீதிபதிகள் ‘மனைவி அல்லது பிள்ளைகளின் நலன்’ என்ற கடைசிக் காரணத்தைத் தாராளமாக வாசிக்கலாம். அதில் கணவனின் குற்றத்தை நிரூபிக்கும் சுமை இல்லை. இவை இடைக்கால வழிகளே. 6ஆம் பிரிவின் சம்மத நிபந்தனை நீங்கவேண்டும். நடைமுறையிலிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்வதால், சமத்துவத்தின் பெயரில் உயர் நீதிமன்றம் போய் இதை வீழ்த்த முடியாது. நாடாளுமன்றந்தான் நீக்கவேண்டும்; அதைக் கேட்கும் முதற்குரல் தேசவழமையைத் தம்முடையது என்று கொண்டாடும் வடக்கின் உறுப்பினர்களிடமிருந்து வரவேண்டும்.