இரண்டாயிரம் கட்டைகளுக்கு ஒரு வரிசை

எட்டுக் குமிழ் கொண்ட லெகோ கட்டைகள் ஆறு இருந்தால் போதும், அவற்றை 91,51,03,765 விதங்களில் ஒன்றோடொன்று பொருத்தலாம். இதைக் கணக்கிட்டவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ். ஆறு கட்டைக்கே இந்தக் கதி. 2007இல் வெளிவந்த ‘கஃபே கார்னர்’ பெட்டியிலோ 2,056 துண்டுகள். கீழே காப்பிக் கடை, மேலே தங்கும் விடுதி என்று மூன்று அடுக்குகள் கொண்ட தெருமுனைக் கட்டடம் அது. பெட்டியை வாங்கிய அத்தனை பேரும் ஒரே கட்டடத்தைக் கட்டி முடித்தார்கள் என்றால், அது பெட்டிக்குள் இருந்த கையேட்டின் வேலை. கையேடு என்றதும் எல்லோருக்கும் படம்தான் நினைவுக்கு வரும். அதைத் தயாரிப்பவரின் தலைவலியோ எது முன்னே, எது பின்னே என்பதுதான்.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932இல் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்றைய வடிவிலான கட்டைக்குக் காப்புரிமை கோரியது 1958இல். பெட்டியோடு கட்டுமானக் கையேடு வரத் தொடங்கியது 1964இல். பழைய கையேடுகள் கஞ்சத்தனமானவை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் படிக்கு இன்ன துண்டு, இத்தனை எண்ணிக்கை என்று மூலையில் கட்டம் போட்டுக் காட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

கணினியில் இந்த வரிசையை ஒழுங்காக எழுதி வைக்க வழி செய்தவர்களில் ஒருவர், நிறுவனத்தைச் சேராத ஒரு ரசிகர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன் 1995இல் டாஸ் கணினிகளுக்காக ‘எல்டிரா’ என்ற மென்பொருளை எழுதினார். அதன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு துண்டுக்கு ஒரு வரி. அதில் நிறத்தின் எண், இருக்கும் இடம், திரும்பியிருக்கும் கோணம், துண்டின் எண். எட்டுக் குமிழ்க் கட்டைக்கு 3001 என்ற எண். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 20 அலகு, கட்டையின் உயரம் 24, தட்டையான துண்டின் உயரம் 8. இந்த வரிகளுக்கு இடையே ‘ஸ்டெப்’ என்று ஒரு வரி எழுதினால், கையேட்டில் ஒரு படி முடிந்தது என்று பொருள். பொருளின் வடிவமும் அதைக் கட்டும் வரிசையும் ஒரே கோப்பில் குடியேறியது இப்படித்தான். ஜெசிமன் 1997இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற வடிவத்தை மற்ற ரசிகர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய மாதிரிகள் வந்தபோது ஒரே நீளப் பட்டியல் தாங்கவில்லை. அதற்குக் கிடைத்த வழி துணை மாதிரி. சாம்பார் செய்முறைக்குள் பொடி அரைக்கும் முறையை நுழைக்காமல் தனியே எழுதிவிட்டு, ‘பொடியைச் சேர்க்கவும்’ என்று ஒரே வரியில் முடிப்போமே, அதே உத்தி. சன்னல் ஒன்றைத் தனியாகப் படிப்படியாக எழுதிவிட்டால், முதன்மைக் கோப்பு அதை எட்டு இடங்களில் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும். முதலில் தனித்தனிக் கோப்புகளாகச் சிதறிக் கிடந்த இவற்றை ஒரே கோப்புக்குள் அடுக்கும் வடிவம் பிறகு வந்தது. மைக்கேல் லாக்மன் எழுதிய ‘எம்எல்கேட்’, விண்டோஸ் கணினியில் சுட்டியால் இழுத்துக் கட்டவும், ஒரு படியில் மாதிரியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டவும் வழி செய்தது. கெவின் கிளேக்கின் ‘எல்பப்’ அந்தக் கோப்பைப் படித்துப் படிவாரியாகப் படங்களும் துண்டுக் கட்டங்களும் கொண்ட பக்கங்களாக மாற்றியது.

கஃபே கார்னரோடு தொடங்கிய மாடுலர் கட்டட வரிசை இந்த அடுக்குமுறைக்கென்றே பிறந்தது போல அமைந்தது. 32 குமிழுக்கு 32 குமிழ் அடித்தட்டு. பக்கத்துக் கட்டடத்தோடு இணைக்கச் சுவரோரத்தில் ஆணித் துளைகள். தனித்தனியே தூக்கி எடுக்கக்கூடிய மாடிகள். மாடி ஒவ்வொன்றும் ஒரு துணை மாதிரி, அதற்குள் மேசை, விளக்கு, படிக்கட்டு எல்லாம் இன்னும் சிறிய துணை மாதிரிகள். சுவர் எழும்பிய பிறகு உள்ளே விரல் போகாது என்பதால் அறைக்கலன்கள் முந்திக்கொள்ள வேண்டும். மாடியின் மேல்விளிம்பில் குமிழ் இல்லாத வழவழப்பான துண்டுகளைப் பரப்பி, சில குமிழ்களை மட்டும் விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் மேல்மாடி இறுகப் பிடித்துக்கொள்ளும், தூக்கினால் வராது. இதையெல்லாம் தெரிந்தவர் வரிசை எழுதினால் ஒரு மாதிரி, தெரியாதவர் எழுதினால் வேறு மாதிரி.

தெரியாத எழுத்தாளர் எப்படி இருப்பார் என்பதை லெகோவே வெளியிட்ட ‘டிஜிட்டல் டிசைனர்’ காட்டியது. 2004இல் வந்த அந்த மென்பொருள் பயன்படுத்தச் சுலபம். 2005 முதல் அதில் வடிவமைத்ததை நிறுவனத்திடமே துண்டுகளாக வாங்கவும் முடிந்தது. ஆனால் கட்டும் வரிசையை அது தானாகவே தீர்மானித்தது. சிறிய காருக்குப் பரவாயில்லை. பெரிய கட்டடத்திலோ அந்தரத்தில் தொங்கும் துண்டுகளும், நான்கு புறமும் அடைத்த பின் உள்ளே வைக்கச் சொல்லும் துண்டுகளுமாகத் திண்டாட்டம்தான். மென்பொருளுக்கு விரல் கிடையாதே!

பிரிக்லிங்க் சந்தைத்தளத்தின் ‘ஸ்டுடியோ’ மென்பொருளில் அந்த அதிகாரம் மனிதரிடம் திரும்பியது. எந்தத் துண்டு எந்தப் படியில் வரும் என்பதைப் பட்டியலில் இழுத்து மாற்றலாம், துண்டுகளைத் திரட்டித் துணை மாதிரியாக்கலாம். அது எல்டிராவின் துண்டு நூலகத்தின் மேல் எழுந்தது. 2019இல் லெகோ பிரிக்லிங்கை வாங்கியது. 2022இல் தன் டிஜிட்டல் டிசைனரை ஓரங்கட்டி அந்த இடத்தை ஸ்டுடியோவுக்குக் கொடுத்தது.

பிரிக்லிங்கை வாங்கிய அதே 2019இல் இன்னொன்றும் நடந்தது. பார்வையற்ற அமெரிக்க இளைஞர் மேத்யூ ஷிஃப்ரின் சிறுவனாக இருந்தபோது, குடும்பத் தோழி லில்யா ஃபிங்கல் லெகோ கையேடுகளைப் படிப்படியாக வார்த்தையில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த முயற்சியைத் தொடர்ந்து லெகோ ஒலி வடிவிலும் பிரெய்லியிலும் கையேடுகளைச் சோதனையாக வெளியிட்டது. ஆஸ்திரியச் செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மென்பொருள், மாதிரிகளின் கணினிக் கோப்பிலிருந்தே துண்டின் பெயர், அது அமரும் இடம், அடுத்த படி ஆகியவற்றை வாக்கியங்களாக எழுதித் தந்தது. அந்தக் கையேட்டுக்குப் படமே தேவைப்படவில்லை.