புகையிலையும் மருந்துக் கடையும்

புகையிலை ஐரோப்பாவில் மருந்தெனப் பெயர் பெற்றிருந்தது என்றால் மாணவ நண்பர்கள் வியப்படையக் கூடும். 1560-ஆம் ஆண்டையொட்டி, போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராயிருந்த ழான் நிக்கோ அதனைத் தம் நாட்டு அரசவைக்கு மருந்தாகவே அனுப்பினார். அவர் பெயரே பின்னர் நிகோடின் என்னும் நஞ்சுக்கு வாய்த்தது! மருந்துக் கடைக்காரரும் அவ்விலையை விற்றனர்.

அதே கடை, இலையை விடுவதற்கும் துணைசெய்யத் தொடங்கிய கதை ஸ்வீடனில் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்கவியலாத மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கி வேட்கையைத் தணித்துக்கொண்டனர். 1967-இல் இச்செய்தி, மருந்து ஆராய்ச்சியாளர் ஊவெ ஃபெர்னோவுக்குக் கடித வாயிலாக எட்டியது. அவரே பெரும் புகைப்பழக்கமுடையவர். நிகோடினை ஒருவகைப் பிசினோடு பிணைத்து, மெல்லும்போது சிறிது சிறிதாய் வெளிப்படும் சூயிங்கம் ஒன்றை அவர் குழுவினர் உருவாக்கினர். 1978-இல் சுவிட்சர்லாந்து அதற்கு இசைவளித்தது. அமெரிக்காவோ 1984-இல் மருத்துவர் சீட்டோடும், 1996-இல் சீட்டின்றியும் விற்க அனுமதித்தது.

சீட்டு நீங்கியதும் பொறுப்பு மருந்தாளரைச் சார்ந்தது. மிட்டாயைப் போல் விடாது மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், பெரும்பகுதி ஈரலில் அழிந்துவிடும், விக்கலே மிச்சம். சிலமுறை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைத்தல் வேண்டும். இதனைச் சொல்லித்தராமல் பொட்டலத்தை நீட்டுவது வெறும் வாணிபம் என்றே நான் கருதுகிறேன்.

வாணிபம் என்றேன். அமெரிக்க மருந்துக் கடைகள் பலவற்றில் சிகரெட்டும் இம்மருந்தும் ஒரே கூரையின்கீழ் விற்கப்பட்டன. சி.வி.எஸ். என்னும் பெருநிறுவனம் தன் கடைகளில் சிகரெட் விற்பனையை நிறுத்தியது 2014-இல்தான்.